நாற்பத்தொன்றாம் எண் வண்டி

வெர்மான்ட் மாநில வாகனப் பணிமனை.
மைனஸ் இருபத்தாறு.
நாற்பத்தொன்றாம் எண் பனிவாரி வண்டி
பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

வறுவல் கடைகள் வடித்துக் கொட்டிய எண்ணெயைத்தான்
இந்தக் குளிர்காலம் குடிக்கிறது அது.
ஓடும்போது புகையில் உருளைக்கிழங்கு மணம்;
பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள்
மூக்கை நீட்டி வழியனுப்புவார்கள்.
இன்றோ வடிகட்டிக்குள் நெய்யாய் உறைந்துவிட்டது.

அர்மான் தீபோ
பிரெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று
கெட்ட வார்த்தை சொன்னார்.

மீட்கப் போனவள் நான்,
எரிபொருள் கணக்கு எழுதுகிறவள்,
அரசாங்கத்தின் ஹைபிரிட் காரில்.
சிவப்பு விளக்கில் அதன் எஞ்சின் பேச்சுமூச்சற்றுப் போகும்.
செத்துவிட்டதென்று ஒவ்வொரு முறையும்
சாவியைத் தேடுகிறது கை.
அதில் சாவியே கிடையாது.

பிளாஸ்க்கின் வெந்நீரை வடிகட்டிமேல் ஊற்றிவிட்டுக்
காத்திருந்தோம்.
கீழே உறைந்த ஆற்றில்
யாரோ மீனுக்குத் துளை போட்டிருந்தார்கள்.

நின்ற காரணம் என்ற கட்டத்தில்
'பழைய டீசலே தேவலை' என்று எழுதச் சொன்னார் தீபோ.
பேனாவில் மை இறங்கவில்லை.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி
எழுதினேன்:
குளிர்.

இருமிவிட்டுக் கிளம்பியது வண்டி.
எங்கள் இருவருக்கும் பசித்தது.