ஓட்டாத மணிகள்

கோட்டூருக்குத் தெற்கே பாதி அறுத்த வயலில்
செயின் மிஷின் நிற்கிறது
வாய் நிறையக் கதிரைக் கவ்வியபடி.

எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.
நடுப்பெட்டி இருண்டுவிட்டது, அவ்வளவுதான்.
இடதுபெட்டியில் தண்ணீர்ச் சூடு,
வலதில் டீசலும் ஆயில் அழுத்தமும்,
இரண்டும் பச்சையாய் விழித்திருக்கின்றன.
நடுவில்தான் மணி ஓடும்.
மணிக்கு இரண்டாயிரத்து அறுநூறு என்று பேச்சு.

"சும்மா ஓட்டுங்களேன்" என்கிறார் தைலம்மை.
ஏழு மா, குத்தகை நிலம்.
கிழக்கே பார்க்கிறார், வேதாரண்யத்துப் பக்கம்,
மாசியில் வரக்கூடாத ஒன்று கறுத்து வருகிறது.
"எதைய வெச்சுங்க ஓட்டறது?"
திருச்செங்கோட்டிலிருந்து மிஷினோடு வந்த செங்கோடன்
இறங்காமலே கேட்கிறான்.

நீடாமங்கலத்திலிருந்து ஸ்கூட்டியில் நான்.
மீட்டர் பார்க்கிற ஜெசிந்தா என்றால் தெரியும்.
நான்கு திருகு, பன்னிரண்டு முனைச் சாக்கெட்.
இதைத் தனித்தனிப் பெட்டியாய்ச் செய்தவன் கெட்டிக்காரன்,
ஒன்று செத்தால் பக்கத்துப் பெட்டி அழாது.
கழற்று, சொருகு, கிளம்பு.
குடும்பத்தையும் இப்படிச் செய்திருக்கலாம்.
அதை விடுங்கள்.

பையில் இருந்தது ஒன்றுதான்.
அணைக்கரைப் பக்கம் வைக்கோல் தீயில் போன மிஷினில்
மிச்சமாய்க் கிடைத்தது,
கண்ணாடியின் ஓரம் கொஞ்சம் உருகியிருக்கும்.
சொருகினேன்.
எல்லா எழுத்தும் ஒருமுறை எரிந்து அணைந்து
பிறகு நிதானமாய்: 4871.3

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.
"இத்தன மணி நான் ஓட்டலீங்களே."
நீ ஓட்டவில்லை, பெட்டி ஓடியிருக்கிறது என்றேன்.
மணி அதன் வயிற்றுக்குள் இருக்கும்,
எந்த மிஷினில் பொருத்தினாலும் கூடவே வரும்.
"ஓட்டாத மணிக்கும் சேத்தி இடுப்பு வலிக்குதுங்கக்கா."
தைலம்மைகூடச் சிரித்துவிட்டார்.

சிரிப்பு முடிந்ததும் கணக்கு.
காலையில் அவர் போனில் பிடித்த படம்: 2305.2
செத்தபோது எவ்வளவு?
2307.1, கண்ணால் பார்த்தேன் என்கிறான் அவன்.
6.8தான், நானும் கேபினில் ஏறிப் பார்த்தேன் என்கிறார் இவர்.
நடுவில் பதினெட்டு நிமிடம்.
பதினெட்டு நிமிடம் எழுநூற்று எண்பது ரூபாய்.
இருட்டுப் பெட்டியை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்,
சாட்சிக்கு வந்து வாய் திறக்காதவனைப் பார்ப்பதுபோல.
முதல் தூறல் பானெட்டில் விழுந்து ஆவியானது.
"பாதி பாதி" என்றார் தைலம்மை.
அவன் கியரைத் தள்ளினான்.

எனக்கு மணிக்கணக்கு கிடையாது.
வந்து போக ஐந்நூறு, பெட்டிக்குத் தனி.

இரவு கடையில் செத்ததைத் திறந்தேன்.
உள்ளே உமி, ஈரம், ஓர் எறும்பின் கால்.
துடைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து
பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன்.
விழித்தது,
ஒரு மூச்சு நேரம்:
2307.4

குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

இந்நேரம் லாரியில் ஏறியிருப்பான்,
முத்துப்பேட்டையோ தில்லைவிளாகமோ.
நம்பர் இருக்கிறது.
வெளியே மழை நன்றாகப் பிடித்துவிட்டது,
தைலம்மையின் நெல் தார்ப்பாய்க்குள் போயிருக்குமா தெரியாது.

பிளாஸ்திரி கிழித்துப் பெட்டியின் முதுகில் ஒட்டி
பேனாவால் எழுதினேன்:
வேலை செய்யும், சில நேரம்.
அலமாரியில் வைத்தேன்.
அடுத்த மிஷினுக்கு ஆகும்.