கிடையாது

குலவணிகர்புரம் கேட் அடைத்திருக்கிறது.
நாகர்கோவில் பாசஞ்சர் இன்னும் வரவில்லை.
என் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின் டயர்
கேட்டுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டது.

மலுக்கு ட்யூபை உருவித்
தொட்டித் தண்ணீரில் அமுக்குகிறான்,
கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்புகிறான்.
கற்பனை எண்ணால் பெருக்குவதும்
ஒரு கால்வட்டத் திருப்பம்தான்.

பரப்பைத் தொட்டுக் கிடக்கும் எந்தத் திசையைத் திருப்பினாலும்
அது செங்குத்தாக வெளியே எழுந்து நிற்க வேண்டும்,
ஒரு புள்ளியிலும் பிசகக் கூடாது.
அப்படியொரு பரப்பு, விளிம்பில்லாமல் மூடியது,
நாலு திசையுள்ள வெளியில் கிடக்குமா?

பந்து கிடக்காது.
லேசாக நகர்த்தினாலும் அது
பழைய இடத்துப் பந்தை இரண்டிடத்திலாவது முட்டியாக வேண்டும்.
வெளியோ விசாலம்,
எங்கும் முட்டாமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம்.
இரண்டும் பூஜ்யமும் ஒன்றாகுமா?
ஒரு பக்கத்தில் முடிந்த கதை.

ட்யூப் கிடக்கும். அதன் எண் பூஜ்யம்.

என் நாலு வருடம் போனது இன்னொன்றில்:
ஒரு முனையைப் புரட்டி மறுமுனையோடு ஒட்டிய,
உள் எது புறம் எது என்று பிரியாத குழாய்.
அதற்கும் எண் பூஜ்யம்தான்.
போகலாம் என்றே கை காட்டியது கணக்கு.
விடுதிக் காவல், விடைத்தாள் கட்டு,
நாசரேத்திலிருந்து பெண் பார்க்க வந்த குடும்பம்,
எல்லாவற்றுக்கும் இடையில்
நோட்டு நோட்டாக அதை வளைத்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு புள்ளியில்
திருப்பிய திசை பரப்பிலேயே சாய்ந்தது.
என் கைப்பிழை என்று அழித்தேன்.

இன்று காலை சமாதானபுரம் பிரவுசிங் சென்டரில்,
மணிக்கு இருபது ரூபாய்,
முகம் தெரியாத யாரோ எழுதிய பக்கங்கள்
ஒவ்வொன்றாக இறங்கின:
அந்தக் குழாய் அங்கே கிடையாது.

நாளைக்குத் தண்ணி கிடையாது,
திங்கக்கிழமை லீவு கிடையாது.
தினம் புழங்கும் சொல்.
அதற்குள் 'கிட' என்றொரு வினை
கிடப்பதை இப்போதுதான் கேட்கிறேன்.
எப்படி வளைத்தாலும் கிடக்க மாட்டாதது.

அழுகை வருமா என்று பார்த்தேன்.
பசிதான் வந்தது.

"ட்யூப்ல ஓட்டையே இல்ல டீச்சர். வால்வுதான் லீக்கு."

"நல்லாப் பாத்தீயளா?"

"முழுசும் சுத்தியாச்சு, ஒரு குமிழி வரல.
இல்லாத ஓட்டைக்கு எங்க போயி ஒட்ட?"

வால்வுக்கு ஐந்து ரூபாய்.
இல்லையென்று பார்த்ததற்குப் பத்து.

இருபதாக நீட்டினேன்.
சில்லறை கிடையாது என்றான்.
கேட் இன்னும் திறக்கவில்லை.