ஒட்டுப்பால்

குலசேகரம், காலை ஏழு மணி.
லேப் ஷட்டரை நான் பாதி தூக்கும்போதே
புஷ்பபாய் வந்து நிற்கிறாள்,
இடது பெருவிரலில் தலைத்துணி சுற்றி.
நெற்றிவிளக்கை இன்னும் அணைக்கவில்லை.
வெயிலில் அது யாருக்கும் எட்டாத வெளிச்சம்.

இருநூறு மரம் முடிந்தபின் கத்தி வழுக்கியதாம்.
"பட்டையில போட வேண்டிய வெட்டு, பிள்ளே,
எனக்க தோலுல போட்டுக்கிட்டேன்."

டாக்டர் ஒன்பதுக்குத்தான் வருவார்.
துணியை அவிழ்க்கிறேன்.
ரத்தம் ஏற்கெனவே நின்றிருக்கிறது.

சுவர் கிழிந்த இடத்தில்
உள்ளே ஒளிந்திருந்த நார் வெளியே தெரிய,
மிதந்து போன தட்டணு ஒன்று அதைத் தொட்டு
வட்டம் கலைந்து, முள் முளைத்து,
மற்றதையெல்லாம் கூவி அழைத்திருக்கும்.
அது பாடத்தில் படித்ததுதான்.
ஓடி வந்த கூட்டம்
குழாய் முழுக்க அடைக்காமல்
அந்தக் கிழிசலோடு எப்படி நின்றது?
அங்கேதான் எனக்கு இன்னும் மலைப்பு.

காயத்துக்கு மயிரிழை தள்ளி, கிழியாத சுவர்
ஒரு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது.
நைட்ரிக் ஆக்சைடு.
நிறமில்லை. ஆயுசு சில நொடி.
அதற்குள் தட்டணுவின் தோல் கடந்து உள்ளே போய்
சொல்லி முடித்துவிட்டுச் சாகிறது:
இங்கே ஒன்றும் கிழியவில்லை,
நீ போ.

கட்டுப் போட்டுக்கொண்டே இதைச் சொல்ல
அவள் பெரிதாக அதிசயப்படவில்லை.
"அமோனியா மாதிரி.
பக்கெட்டுல நாலு சொட்டு விடலேண்ணா
பாலு ரோட்டுக்கு வருததுக்கு முன்னாலேயே
உறைஞ்சு போவும்."

ஏறக்குறைய, என்றேன்.

பிளாஸ்டர் கத்தரிக்கும் சத்தம்.
நகத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை
நூல் மாதிரி உரித்து எடுத்தாள்.
"அப்போ அவருக்க நெஞ்சுக்குள்ள
அது தீந்துபோச்சு, இல்லியா?"

கனகராஜ் அண்ணன்.
ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி.
ஜீப்பில் ஏற்றி, திருவட்டார் தாண்டும் முன்.
வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
உள்ளே எங்கேயோ நெல்லளவு வெடிப்பு,
நீ போ என்று சொல்ல
பக்கத்துச் சுவருக்கு மூச்சில்லை.

எல்லாம் தெரிந்தும்
"அப்படியும் சொல்லலாம்" என்று மட்டும் சொன்னேன்.

எவ்வளவு என்றாள். வேண்டாம் என்றேன்.
ஊசிக்கு ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன்.
"பாலு எடுக்கணும், மக்களே. அந்திக்கு வாறேன்."

சாலையைக் கடந்து போகிறாள்.
நெற்றிவிளக்கு எரிகிறது என்று
சொல்ல மறந்துபோனேன்.