பட்டிக்குக் கீழே

முதல் வாரம் முழுக்க நாங்கள் அள்ளியது
எங்கள் ஆட்டுப் புழுக்கையைத்தான்.
முழங்கால் ஆழம்.
மாமனாரின் ஆடுகள் மேலே,
அவர் தகப்பனின் ஆடுகள் அடியில்.
"கூலியும் கொடுத்து
நம் பட்டியை நம்மையே கூட்டச் சொல்கிறார்கள்"
என்று சிரித்தான் ஜெமாலோ.
நானும் சிரித்தேன்,
மூக்கைச் சுற்றிய துணிக்குள்.

பாலே மலையில்
மரங்கள் ஏறிவந்து மூச்சு வாங்கி நின்றுவிடும் இடத்துக்கும் மேலே
கவிந்து நிற்கிறது இந்தப் பாறை.
பகலில் வெயில் தோலை உரிக்கும்.
இரவில் குடத்துத் தண்ணீர் கல்லாகும்.
கம்பளியைக் கழற்றுவதும் போர்த்துவதுமாகவே
ஒரு நாள் போய்விடும் இங்கே.

அடிஸ் அபாபாவிலிருந்து வந்த த்சிகே
என் கையில் சல்லடையைத் தந்தாள்.
"கல்லை எறியாதே. எலும்பை எறியாதே.
கரித்துண்டை எறியவே எறியாதே."
பிறகு எதைத்தான் எறிவது?
"தூசியை" என்றவள்
சற்று யோசித்து
"அதையும் ஒரு பையில் போடு" என்றாள்.

புழுக்கைக்குக் கீழே சாம்பல்.
சாம்பலுக்குக் கீழே
யாருமே வராத மணல், ஒரு சாண்.
அதற்கும் கீழே
மறுபடி அடுப்பு.

சின்னச் சின்னத் தாடைகள் வந்தன,
மஞ்சள் வெட்டுப்பற்களோடு.
அவர்கள் புத்தகத்தைப் புரட்டுமுன் நான் சொல்லிவிட்டேன்:
வளையெலி.
பெருந்தலையன்.
பாதி உடம்பை வெளியே நீட்டிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு
பின்பக்கமாகவே உள்ளே போகிறவன்.
அவன் வாசலில் சிவப்பு ஓநாய்
அசையாமல் நிற்கும், கடன்காரனைப் போல.
குதிரைநரி என்போம் அதை.
நாங்கள் எலி தின்பதில்லை.

தின்றிருக்கிறார்கள்.
எலும்பெல்லாம் வெளுப்பு, பல்நுனி மட்டும் கருப்பு.
முழுசாய்த் தீயில் போட்டால்
சதை எலும்பை மூடிக்கொள்ளும்,
உதடுதான் முதலில் சுருங்கும்.
இதைச் சொல்ல ஆய்வகம் வேண்டாம்,
அடுப்படி போதும்.

மனித மலம் ஒன்று கிடைத்தது, கல்லாகி.
அதைப் பஞ்சில் சுற்றி
பிறந்த குழந்தையைப் போல வாங்கிக்கொண்டார்கள்.
ஜெமாலோ வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அப்புறம் அந்தக் கருங்கண்ணாடி.
எரிமலை கக்கிய கல், செதுக்கிய சில்லு.
இலேசாகத்தான் தொட்டேன்.
கட்டைவிரல் பிளந்தது.
"நாற்பதாயிரம் வருடம் இருக்கலாம்" என்றாள் த்சிகே,
என் விரலை அழுத்திப் பிடித்தபடி.
செய்தவன் கை மண்ணாகிவிட்டது.
கூர் ஆகவில்லை.
சில்லைப் பையிலிட்டு, சீட்டில் எழுதினாள்:
'இதிலுள்ள இரத்தம் இன்றையது. துர்சித்துவுடையது.'
கூலிப் புத்தகத்தில் நான் வெறும் கைநாட்டு.
அந்தச் சீட்டில்தான் என் பெயர்.

பூங்கா அதிகாரி ஒருநாள் வந்தார்.
போன வருடம் வரைபடத்தை விரித்து
"இந்த உயரம் மனிதருக்கானதல்ல,
கீழே இறங்கிவிடுங்கள்" என்றவர்.
குழியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.
நான் கேட்டேன், "அப்படியானால் இவர்கள்?"
அவர் குழியைப் பார்த்தார்.
பாறைக்கு வெளியே மொட்டையாய்க் கிடந்த புல்லைப் பார்த்தார்.
"இவர்களிடம் ஆடு இல்லை."

அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.
இரவு படுத்துக்கொண்டு தேடினேன்.
இல்லை.

மழைக்கு முன் குழியை மூடினார்கள்.
தார்ப்பாய், அதன் மேல் மண்,
மண்ணின் மேல் எங்கள் கால்.
ஆடுகளை ஓட்டிவந்தோம்.
உள்ளே போக மறுத்தன.
புது மண்ணை மோந்து மோந்து
பாறையின் நிழல்கோட்டிலேயே நின்றுவிட்டன.
அன்றிரவு அவற்றோடு நாங்களும் வெளியே,
ஒரே போர்வையில் மூன்று பேர்.

மறுநாள் பனி இறங்கியது.
கிழட்டுக் கிடா
யாரும் விரட்டாமலே எழுந்துபோய்
அடுப்பு இருந்த இடத்தின் மேல்
படுத்துக்கொண்டது.