நிகர எடை

லாரி ஏறும்.
திரையில் பச்சை எண் நடுங்கி நிற்கும்.
மொத்த எடை குறித்துக்கொள்வேன்.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்.
வெறும் வண்டி எடை குறித்துக்கொள்வேன்.
கழித்தால் நிகரம்.
பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை எனக்கு,
சிலிம் ரிவருக்கு வெளியே செம்பனை ஆலையில்.

தைப்பூசம் கழிந்த வாரம்
அரசாங்கக் கிளினிக்கில்
என்னை ஒரு தராசில் ஏற்றினார்கள்.
எண்பத்து நாலு.
சர்க்கரை பதினொன்று சொச்சம்.
டாக்டர் ஹஃபிசா சின்னப் பெண்,
கோபிக்கத் தெரியாத முகம்.
"புவான் புஷ்பவள்ளி, கொஞ்சம் நடக்கலாமே."
முழங்கால் விடாது என்றேன்.
"அப்போ சைக்கிள்.
உங்களைத் தூக்குகிற வேலையை
சீட் பார்த்துக்கொள்ளும்."
ஊர்ப் பேரில் இருக்கிற சிலிம்
எனக்கு மட்டும் ஒட்டவில்லையே என்று
சிரித்தபடி
மருந்துப் பையோடு வெளியே வந்தேன்.

ஆ லெக் கடையில் நூற்றெண்பது வெள்ளி.
நீலம். முன்கூடை. மணி.
"மகளுக்கா?" என்றான்.
எனக்கு என்றதும்
பின்சக்கரத்துக்கு இன்னும் நாலு அடி
காற்று அடித்தான்.

முதல் வாரம்
எனக்கு இருப்பதே தெரியாத சதையெல்லாம்
பேர் சொல்லி அழுதன.
கோயில் மேட்டில் இறங்கித் தள்ளினேன்.
கடந்துபோன மோட்டார்கள் நின்று நின்று கேட்டன:
அக்கா, மைவி ரிப்பேரா?
அக்கா, பெட்ரோல் விலையா?
அண்ணனோடு சண்டையா?
மூன்றுக்கும் ஆமாம் என்றேன்.
இல்லை என்று விளக்க மூச்சு இல்லை.

நாலாம் லயத்து நாய்கள் துரத்தியதில்தான்
வேகம் படித்தேன்.
டாக்டர் எழுதிக் கொடுக்காத மருந்து அது.

ஆறரைக்கு இங்கே இன்னும் இருட்டு.
செம்பனை வரிசைக்குள் பனி
யாரோ மறந்து வைத்த வேட்டி போலக் கிடக்கும்.
உடும்பு ஒன்று
சாலையைத் தன் பெயரில் எழுதி வாங்கியது போல
மெதுவாகக் கடக்கும்.
நிற்பேன்.
நெஞ்சுக்குள் அடிப்பது காதில் கேட்கும்.
முன்பும் அடித்திருக்கும்;
மைவியின் ரேடியோவில் கேட்டதில்லை.

எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை.
கோயில் மேட்டைத் தாண்டி
சுண்டல் மணக்கும் வளைவு வந்த பிறகுதான்
இறங்காமல் ஏறிவிட்டேன் என்று உறைத்தது.
கால்விரல்களில் ஊர்ந்த எறும்புகள்
எந்த இரவில் வீடு மாற்றிப் போயின,
அதுவும் தெரியாது.
குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று
ஜெகநாதன் குறைப்பட்டார்.
மாத்திரை அப்படியேதான், காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
சைக்கிள் ஒன்றும் சாமி இல்லை.

மாசியில் ஒருநாள், லாரிகள் வருமுன்,
சைக்கிளோடு எடைமேடையில் ஏறினேன்.
நூறு.
எங்கள் மேடைக்குப்
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
நாற்பது டன் தாங்குகிறவனிடம் போய்
ஒரு கிலோ, அரைக் கிலோ என்று பேச முடியுமா?
பங்குனியில் நூறு.
சித்திரையில் நூறு.
தீபா வீட்டுக் கல்யாணத்தில் ஜிலேபி;
வைகாசியிலும் நூறு.
கிளினிக் தராசு மட்டும்
எண்பத்தொன்று, எண்பது என்று
என் காதோடு சொல்லிவந்தது.

இன்று ஆடி பிறந்து நாலாம் நாள்.
ஏறினேன்.
பச்சை எண் நடுங்கியது.
தொண்ணூறு.

ஒற்றைக் காலை இரும்புத் தகட்டில் ஊன்றி
இன்னொரு தரம் படித்தேன்.
பின்னால் சுந்தரேசன், முதல் லோடு,
ஹாரனை அமுக்கிப் பிடித்திருக்கிறான்.

இது மொத்த எடை.
வண்டி எவ்வளவு, நான் எவ்வளவு என்று பார்க்க
இறங்க வேண்டும்.
அதுதான் முறை; அவனுக்கும் தெரியும்.

மணியை ஒரு தரம் அடித்தேன்.
இருடா, வர்றேன்.