முச்சாண்

அச்சாணி இல்லாத தேர்
முச்சாணும் ஓடாதாம்.
சொன்னவர் செலெங்கேப் புல்வெளியில்
சிமெண்ட் சூளையைப் பார்த்ததில்லை.

அறுபது மீட்டர் இரும்புக் குழாய்
படுத்தபடி சுழல்கிறது.
அச்சு இருக்கவேண்டிய இடத்தில்
ஆயிரத்து நானூறு டிகிரி நெருப்பு.
அதற்குள் எதைச் செருகுவது?

ஆகவே வெளியிலிருந்து ஏந்தியிருக்கிறார்கள்.
உடம்பில் மூன்று வளையங்கள்,
ஒவ்வொன்றின் கீழும் இரண்டு உருளைகள்.
சாய்ந்த உடம்பு சரிந்துவிடாதபடி
பக்கவாட்டில் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கும்.
இடுப்பைச் சுற்றிப் பல்வளையம்;
சின்னப் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்துத் தள்ளும்.

போன வசந்தத்தில் தலைநகரத்து அதிகாரி கேட்டார்,
அச்சு எங்கே என்று.
"ஆறு பேர் தூக்குகிறார்கள், ஐயா.
யாருக்கும் சம்பளமில்லை" என்றான் ஓச்சிர்.

வளையத்தைக் குழாயோடு ஒட்டுவதில்லை.
சூட்டில் உடம்பு பெருக்கும்.
இறுக்கிப் பிடித்தால்
உள்ளே செங்கல் நொறுங்கும்.
துல்மா சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுப்பாள்,
வளையத்தில் பாதி, குழாயில் பாதி.
ஒரு சுற்று வந்ததும்
இரண்டு பாதியும் விரலகலம் விலகியிருக்கும்.
"விலகியது. சரி" என்று ஏட்டில் எழுதுவாள்.
விலகாத நாளில்தான் யாருக்கும் தொலைபேசி அடிப்பாள்.

நேற்றிரவு பனிப்புயல். மின்சாரம் போயிற்று.
சுடர் அணைந்தது, சூடு அணையவில்லை.
சூளை நின்றது.

நின்றால் கொதிக்கும் கல் அடியில் தங்கும்,
மேல்புறம் ஆறும்,
வாழைப்பழம் மாதிரி முதுகு வளைந்துபோகும்.
பத்து நிமிடத்துக்கொரு கால் சுற்று போதும்,
அதற்கென்றே ஒரு டீசல் இன்ஜின்.
மைனஸ் முப்பத்தெட்டில்
டீசல் மெழுகாய் உறைந்திருந்தது.

ஓச்சிர் கைப்பிடியைச் சுழற்றினான்.
திட்டினான். மறுபடி சுழற்றினான்.
ஏழு நிமிடம்.
துல்மா குடுவையைத் திறந்தாள்.
விடியும்வரை இருவருக்குமான உப்புத் தேநீர்,
பாலாடையோடு,
எண்ணெய் வடிகட்டியில் சுற்றிய கந்தையில்
முழுக்க ஊற்றினாள்.
"அதையா!" என்றான் ஓச்சிர்.

இருமியது.
இன்னொரு முறை இருமியது.
பிறகு பிடித்துக்கொண்டது.

பல்லோடு பல் சேரும் சத்தம்.
உருளைகள் முனகின.
டார்ச் வெளிச்சத்தில்
ஒரு சாண், இரண்டு சாண்,
மூன்று.

கோடு கீழிருட்டிலிருந்து ஏறி வந்தது.
கன்னத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.
கையுறையைக் கழற்றாமலே எழுதினாள்:
"மூன்று பதினேழு. கால் சுற்று.
நூலளவு விலகியது. சரி.
தேநீர் இல்லை."