இடது தோளுக்கு

போன சிறுபோகம்
சூடடிக்கிற மெசினில் இருந்து தெறித்த பதர்
வலக்கண்ணை எடுத்துக்கொண்டது.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
என்ன தொழில் என்று கேட்டார்கள்.
வெள்ளாமை என்றேன்.
துவக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

பன்றிக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை.
இறக்காமத்து வட்டைக்குள்
அது வழமைபோல வந்து போனது.
நான்தான் கன்னத்தை
மறுபக்கம் சாய்க்கப் பழகவேண்டியிருந்தது.
பழைய கட்டையை இடது தோளில் வைத்தால்
தாடையைக் குத்தியது.
குறி, பக்கத்து வயல்காரரின் பரணுக்குப் போனது.

ஜௌசி ஓடாவி பூவரசில் புதிதாகத் தொடங்கினார்.
பாதியில் கட்டாருக்கு விசா வந்தது.
மீதி என் சாக்குக்குள்:
ஒரு பக்கம் வழுவழுப்பு,
மறுபக்கம் முழுக்க உளித்தடம்.
இரும்பு வீட்டில், பூட்டுக்குள்.
மரத்தை மட்டும் பஸ்ஸில் கொண்டு திரிந்தேன்.
மரத்துக்கு யாரும் லைசன் கேட்பதில்லை.

சம்மாந்துறைத் தளபாடக் கடையில்
பையன் திருப்பிப் பார்த்துவிட்டு
கட்டில் காலா என்றான்.
மெசினில் கொடுத்தால் பத்து நிமிசமாம்.
சாக்கின் வாயைக் கட்டினேன்.

கல்முனையில் ஒருவர்
வார்னிஷ் அடித்து முகம் தெரியிற மாதிரித் தாறன் என்றார்.
நிலவுக்குப் பளபளத்தால் பன்றி ஓடிவிடும் என்றேன்.
ஓடினால் நல்லதுதானே என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

களுவாஞ்சிகுடியில் தேர்ச்சில்லு செய்கிறவர்
தொட்ட உடனே தெரிந்துகொண்டார்.
கையைச் சாரத்தில் துடைத்தார்.
"இது என்னால ஏலா."
பிளேன்டீ வந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மழையைப் பற்றிப் பேசினோம், உரமானியத்தைப் பற்றி,
மறுபடி மழையைப் பற்றி.
வாசல்வரை வந்தவர்
எங்கோ பார்த்தபடி சொன்னார்:
"ஆரையம்பதியில சாமித்தம்பி எண்டு ஒராள்.
கால் செய்யிறவர்."

கால்கள் சுவரில் தொங்கின.
முழங்காலோடு சில, முழங்கால் இல்லாமல் சில.
ஒன்றுக்குச் செருப்பும் போட்டிருந்தது.
அவர் கட்டையைப் பார்க்கவே இல்லை.
சேட்டைக் கழற்றச் சொன்னார்.
தோளெலும்பை இரண்டு விரலால் தேடினார்.
டொக்டர்கூட அப்படி அமத்திப் பார்த்ததில்லை.
கண்ண மூடுங்க காக்கா.
முகத்தைச் சாயுங்க. இன்னும்.
ஆ, அதிலயே நில்லுங்க.
கன்னத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறினார்.
அந்தக் கோட்டோடுதான்
அன்று பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

இரும்பைக் கொண்டுபோகப் பொலிஸ் கடிதம்.
அதற்குப் பதினொரு நாள்.

விளக்குக் கரியை இரும்பில் பூசினார்,
மரத்தில் வைத்து எடுத்தார்,
கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டினார்.
திரும்பப் பூசினார், வைத்தார், எடுத்தார்.
ஒரு பகல் முழுக்கச் சுரண்டியதை
ஒரு வெத்திலையில் மடித்துவிடலாம்.
மறுகா ஈரத்துணி. மரம் மயிர் எழுப்பியது.
அது காயக் காய அரத்தாள்.
எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தார்,
சூடு வரும்வரை,
குழந்தைக்குச் சளி பிடித்ததுபோல.

"மனிசரில சாயிற மரம் நோகப்படாது.
எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.
மற்ற முனையில என்ன இருக்கெண்டு
நீங்கதான் பார்க்கணும்."

காசை எண்ணாமல் மேசை லாச்சிக்குள் போட்டார்.
நான் வெளியே வரமுதலே
ஒரு சிறிய காலை மடியில் எடுத்துவிட்டார்.

பொலிசில் பதிய வேண்டும்.
சார்ஜன்ட் தூக்கித் தன் வலது தோளில் வைத்தார்.
கழுத்தை வளைத்தார், மூக்கைத் தள்ளினார்,
கன்னம் உட்காரவில்லை.
"பிழையாச் செய்திருக்கான்."
ஓம் சேர் என்றேன்.

இன்றோடு ஐந்து இரவு.
கதிர் பால் பிடித்துவிட்டது.
பன்றி இன்னும் வரவில்லை.
பூவரசு கன்னத்தில் மெல்லச் சூடேறுகிறது,
கோடு இருந்த அதே இடத்தில்.
வாய்க்காலுக்கு அப்பால் புல் அசைகிறது.
மாடாகவும் இருக்கலாம்.